இடுப்பு உயரம் வரை

எல்மாருக்குச் சட்டையைக் கழற்ற ஆள் வேண்டும். நோயாளி என்று நினைத்துவிடாதீர்கள். துறைமுகத்தில் இரண்டு பேர் முக்கி முனகித் தூக்கும் கேஸ் சிலிண்டரைத் தனியாளாகத் தூக்கி வண்டியில் வைப்பவன் அவன். ஆனால் அதே கையைத் தலைக்கு மேலே கொண்டுபோகச் சொன்னால் கண் உயரத்தோடு நின்றுவிடும். வேலை முடிந்து வந்ததும் அவன் குனிந்து நிற்பான், மனைவி ஷெலானி பனியனைப் பின்னாலிருந்து பிடித்து இழுப்பாள். "பன்னித் தோலை உரிக்கறதுகூட இதைவிடச் சுலபம்யா" என்பாள். அவன் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வான்.

எங்கள் நவுருத் தீவில் இது ஒன்றும் அதிசயமில்லை. புதிதாக ஒருவனைப் பார்த்தால் பேரைக் கேட்பதற்கு முன்னால் எவ்வளவு தூக்குவாய் என்று கேட்கிற ஊர். எல்மார் பதினான்கு வயதில் நிபோக் கடற்கரையோரத் தகரக் கொட்டகைக்குள் நுழைந்தவன், இன்னும் வெளியே வரவில்லை என்றுதான் சொல்லவேண்டும். உப்புக்காற்றில் துருவேறிய கம்பி, துருவேறிய தட்டுகள். அங்கே செய்வது மூன்றே வேலை. தோளில் பாரத்தை வைத்து உட்கார்ந்து எழுந்தால் ஸ்குவாட். மல்லாந்து படுத்து நெஞ்சுக்கு மேலே தள்ளினால் பெஞ்ச். தரையில் கிடப்பதை இடுப்பு உயரம் வரை தூக்கி நிமிர்ந்து நின்றால் டெட்லிஃப்ட். மூன்றிலும் யார் அதிகம் என்பதுதான் போட்டி. இருநூற்றுத் தொண்ணூறு கிலோவை எல்மார் தரையிலிருந்து எடுத்த நாளில் கொட்டகையின் தகரமே அதிரும்படி கூச்சல் போட்டார்கள்.

அந்த மூன்று வேலையும் அவன் உடம்பைத் தங்கள் இஷ்டத்துக்குச் செதுக்கிவிட்டன. தொடை நுழைகிற கால்சட்டை இடுப்பில் நிற்காது. நெஞ்சு பெருத்துப் பெருத்துத் தோள் இரண்டையும் முன்னால் இழுத்து வைத்திருந்தது. கெண்டைக்கால் மட்டும் பள்ளிக்கூடத்துப் பையனுடையது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் எல்லாரும் கை உயர்த்திப் பாடும்போது இவன் மட்டும் யாரையோ "நில்லு" என்று தடுப்பவனைப்போல நிற்பான். இதையெல்லாம் யாரும் குறையாகப் பேசியதில்லை, ஒபேத் திரும்பி வரும்வரை.

ஒபேத் அவனுடைய தம்பி. பன்னிரண்டு வயது இளையவன். அம்மா முன்பே போய்விட்டாள். அப்பாவைச் சர்க்கரை நோய் கொண்டுபோனபோது ஒபேத்துக்கு ஒன்பது வயது. சோறும் டின் இறைச்சியும் போட்டு வளர்த்தவன் எல்மார். கொட்டகைக்கும் அவன்தான் கூட்டிப்போனான். பையன் இளைஞர் போட்டியில் பதக்கம் வாங்கியபோது மேடைக்குப் பின்னால் நின்று எல்மார் அழுததை ஊரே பார்த்தது. பிறகு ஒபேத் பிரிஸ்பேனுக்கு இறைச்சிக் கம்பெனி வேலைக்குப் போனான். இரண்டு வருஷம் கழித்து விமானத்திலிருந்து இறங்கினவனை எல்மாருக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. அகன்ற முதுகு, ஒடுங்கிய இடுப்பு, தோள் பின்னால் தள்ளி நிமிர்ந்த நடை. பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். எல்மாரும் பார்த்தான், பெருமையாகத்தான்.

பெருமை ஒரு வாரம்கூட நிற்கவில்லை. தீவுகளுக்கு இடையிலான போட்டி அடுத்த மாதம் எங்கள் ஊரிலேயே நடக்கவிருந்தது. தம்பி பெயரையும் எல்மார் கொடுத்துவிட்டான், அவனைக் கேட்காமலே. கொட்டகையில் எல்லாரும் இருக்கும்போது ஒபேத் சொன்னான்:

"நான் போட்டிக்கு வரலண்ணே. அதை விட்டுட்டேன்."

"விட்டுட்டியா? ஏன், எண்ணெய் தேய்ச்சிக்கிட்டு போட்டோ புடிக்க நேரம் பத்தலையா?"

சிரிப்பு. ஒபேத்தும் சிரித்தான். "கோவிச்சுக்காம கேளு. மூணே மூணு வேலை. அதை மட்டும் வருஷக்கணக்கா செஞ்சா உடம்பு எப்படி ஒரு சீரா இருக்கும்? முன்னால தள்ற. கீழயிருந்து எடுக்கற. மேலயிருந்து எதையாவது இழுத்திருக்கியா? ஒரு கம்பியைப் புடிச்சுத் தொங்கியிருக்கியா?"

"நான் என்ன தேங்காயா, தொங்கறதுக்கு?"

"போட்டிக்குத் தூக்கு, வேணாங்கல. கூடவே இழுக்கறதையும் தலைக்கு மேல தூக்கறதையும் சேர்த்துக்கோங்கறேன். நெஞ்சு முன்னால இழுக்குது, அதைப் புடிச்சு நிறுத்தப் பின்னால ஒண்ணும் இல்ல. அதான் கூன் விழுந்து நிக்கற. உன் முதுகை நீயே சொறிஞ்சு எத்தனை வருஷம் ஆச்சு, சொல்லு பாக்கலாம்."

இந்தமுறை சிரித்தவர்கள் எல்மாரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவன் முகத்தில் ஈயாடவில்லை. தம்பி சொன்னது தப்பு என்று அவனுக்குத் தோன்றியிருந்தால் அடித்துப் பேசியிருப்பான். தப்பில்லை என்று உள்ளுக்குள் தெரிந்ததுதான் எரிந்தது. தன் வாழ்நாள் முழுக்கச் செய்ததைத் தான் வளர்த்த பையன் நாலு பேர் நடுவில் வைத்துக் கோணல் என்று சொல்லிவிட்டான். கம்பியைத் தடாலென்று போட்டுவிட்டு வெளியே போனான்.

அதன்பிறகு வீட்டில் பேச்சில்லை. ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஷெலானி பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு சாயங்காலம் வலையையும் விளக்கையும் தூக்கி வாசலில் வைத்தாள்.

"ரெண்டு பேரும் மேட்டுக்குப் போய் நோடி புடிச்சிட்டு வாங்க. வெறுங்கையோட வந்தா ரெண்டு பேருக்கும் சோறு கிடையாது. பேசாம வந்தாலும் கிடையாது."

உரத்துக்கென்று தீவைத் தோண்டிப் பாஸ்பேட்டை அள்ளிக்கொண்டு போனவர்கள் எங்களுக்கு விட்டுப்போனது மேட்டுநிலத்துக் கல்தூண்கள்தான். ஆளுயரம், இரண்டாளுயரம் என்று சாம்பல் நிறத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். நடுநடுவே குழிகள். இருட்டும் நேரத்தில் கடலிலிருந்து நோடிப் பறவைகள் திரும்பி வரும். வண்டியில் ஒலிபெருக்கியை வைத்து, பதிவு செய்த நோடிக் கூச்சலை அலறவிட்டால், கூட்டம் கூடிவிட்டதென்று நினைத்துத் தாழப் பறக்கும். நீளக் கழியில் கட்டிய வலையைத் தலைக்கு மேலே வீசிப் பிடிக்கவேண்டும். ஒருவன் வீசினால் இன்னொருவன் பக்கத்திலேயே விளக்குப் பிடிப்பான். விளக்கை விட்டு வலை தனியாகப் போகக் கூடாது. குழந்தைக்குக்கூடத் தெரிந்த விதி.

ஒபேத் தன் போனை ஒலிபெருக்கியில் மாட்டினான். பறவைகள் வரத் தொடங்கின. அவன் கழியை அண்ணனிடம் நீட்டினான். சமாதானமா, சீண்டலா என்று எல்மாருக்குப் புரியவில்லை.

"நீ முதல்ல வீசுண்ணே."

எல்மார் வீசினான். கை மேலே எழாமல் கழி பக்கவாட்டில் சுற்றியது. பறவை அவன் தலைக்கு ஒரு சாண் மேலே நிதானமாகப் போனது. மறுபடி வீசினான், மறுபடியும் அப்படியே. ஒபேத் அடக்கிப் பார்த்தான். முடியவில்லை, வாய்விட்டுச் சிரித்துவிட்டான். கழியை வாங்கி, வீசியபடியே அடுத்தடுத்து மூன்று பறவைகளைச் சாக்கில் போட்டான்.

அப்போதுதான் எல்மார் அந்த வார்த்தைகளைச் சொன்னான்.

"நல்லா சிரி. ஒரு காசுக்குப் பிரயோஜனமில்லாத உடம்பை வெச்சிக்கிட்டு சிரி. உன்னை வளர்த்த நேரத்துக்கு ரெண்டு பன்னி வளர்த்திருந்தா ஊருக்குச் சோறாவது போட்டிருப்பேன். போடா. என் முகத்துல முழிக்காத."

ஒபேத்தின் சிரிப்பு நின்றது. நெற்றியில் சின்ன விளக்கை மாட்டிக்கொண்டு, கழியைத் தோளில் போட்டுக்கொண்டு கல்தூண்களுக்குள் போனான். எல்மார் பெரிய விளக்கோடு பின்னால் போயிருக்கவேண்டும். போகவில்லை. ஒலிபெருக்கியை இன்னும் உரக்க வைத்துவிட்டு வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்தான்.

நன்றாக இருட்டிவிட்டது. தம்பி வரவில்லை. வீம்பு பிடித்துத் தள்ளிப் போய் வீசிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தான். கொஞ்ச நேரத்தில் அந்த நினைப்பில் ஓட்டை விழுந்தது. தூரத்தில் அசைந்துகொண்டிருந்த சின்ன வெளிச்சத்தைக் காணோம். எப்போதிலிருந்து காணோம் என்று யோசித்தான், தெரியவில்லை. வேண்டுமென்றே அணைத்திருப்பான், பயமுறுத்துகிறான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அந்த நேரத்தில் போனில் சார்ஜ் தீர்ந்தது. நோடிக் கூச்சல் பட்டென்று நின்றது.

அந்த அமைதியில் கேட்டது குரல். கத்திக் கத்தித் தேய்ந்துபோன குரல். "அண்ணே..."

இவ்வளவு நேரமும் இது இருந்திருக்கிறது. பறவைச் சத்தத்துக்கு அடியில், தான் உரக்க வைத்த சத்தத்துக்கு அடியில், தம்பி கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறான்.

கல்லில் முட்டி பெயர ஓடினான். இரண்டு தூண்களுக்கு நடுவே ஒடுங்கிய பிளவு. விளக்கை அடித்தான். இரண்டாளுயரத்துக்குக் கீழே, கழி ஒடிந்து, வலை கிழிந்து, நெற்றி விளக்கு உடைந்து, ஒபேத் ஒற்றைக்காலில் சாய்ந்து நின்றான். இன்னொரு கால் கணுக்காலில் தப்பான பக்கம் திரும்பியிருந்தது. தொடையில் பனியனைக் கட்டியிருந்தான். அது கறுப்பாக நனைந்திருந்தது.

"கல்லு கிழிச்சிடுச்சு. ரத்தம் நிக்கவே மாட்டேங்குது."

"நீ அசையாத. நான் கீழ போய் ஆளுங்களைக் கூட்டிட்டு வர்றேன்."

"போகாதண்ணே. தலை சுத்துது. உக்காந்தா எழுந்திருக்க மாட்டேன்."

எல்மாரின் போன் வீட்டில் இருந்தது. ஒபேத்தின் போன் செத்துக் கிடந்தது. மேட்டிலிருந்து இறங்கி, ஆள் சேர்த்து, திரும்பி ஏறி வருவதற்குள் அந்தப் பனியன் எவ்வளவு கறுக்கும் என்று அவன் கணக்குப் போட விரும்பவில்லை. பெரிய விளக்கை அதன் வாரால் நெற்றியில் கட்டிக்கொண்டு, பிளவின் ஓரத்தில் குப்புறப் படுத்து, கையை இறக்கினான்.

"கையை நீட்டுண்ணே."

"நீட்டித்தாண்டா இருக்கேன்!"

தோள் பூட்டிக்கொண்டது. ஒபேத்தின் விரல்கள் கீழே துழாவின. நடுவில் ஒரு முழம் வெற்றிடம். வேறு யாருடைய கையாவது இருந்தால் அந்த முழத்தில் பாதியைத் தாண்டியிருக்கும். எல்மார் பல்லைக் கடித்துத் தோளைத் தள்ளினான், வலியில் கண் இருண்டது, கை ஒரு விரற்கடை அதிகம் இறங்கவில்லை. உள்ளே இறங்கலாம் என்று காலை விட்டுப் பார்த்தான். தொடைவரை போனது, இடுப்பு போகவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் வளர்த்த உடம்பு அந்தப் பிளவின் வாயில் மூடிபோல உட்கார்ந்தது. அவன் தன் உடம்பை வெறுத்தது அந்த ஒரு நிமிஷம்தான், ஆனால் முழுசாக வெறுத்தான்.

வண்டியை இழுக்கிற பட்டை ஞாபகம் வந்தது. ஓடிப்போய் எடுத்து வந்தான். ஒரு முனையைக் கீழே விட்டான்.

"அக்குளுக்குக் கீழ கட்டு. நல்லா இறுக்கிக் கட்டு."

"எப்படிண்ணே இழுப்ப? கையால இழுத்து உனக்குப் பழக்கமே இல்லியே."

"இழுக்கப்போறதில்ல."

செருப்பை உதறினான். பிளவின் இரண்டு பக்கமும் காலை அகட்டி வைத்தான். கல் பாதத்தைக் கிழித்தது. குனிந்து, பட்டையை எவ்வளவு தாழ முடியுமோ அவ்வளவு தாழப் பிடித்தான், வலது உள்ளங்கை தன்னைப் பார்க்க, இடது வெளியே பார்க்க. கனமான தூக்குக்கு எப்போதும் அப்படித்தான் பிடிப்பான்.

"நான் தூக்குவேன். இடுப்பு வரைக்கும்தான் வரும், அதுக்கு மேல எனக்குத் தெரியாது. நின்னதும் நீ முதுகை ஒரு பக்கமும் நல்ல காலை ஒரு பக்கமும் குடுத்து முட்டுக்கட்டையா நில்லு. நான் மறுபடி குனிஞ்சு புடிக்கணும். புரியுதா?"

"புரியுது."

"வழுக்கினா சொல்லு."

"வழுக்கினா நானே விழுந்துடுவேன், தனியா என்ன சொல்றது" என்றான் ஒபேத். குரலில் அழுகை இருந்தது.

எல்மார் மூச்சை வயிற்றில் அடைத்து எழுந்தான். எடை ஒன்றும் பெரிதில்லை, தொண்ணூறு கிலோ சொச்சம். ஆனால் கம்பி ஆடாது, தம்பி ஆடினான். பட்டை கையில் ஊசலாடியது. நிமிர்ந்து நின்றான்.

"முட்டு!"

"முட்டிட்டேன்!"

விட்டான். கீழே ஒரு அலறல், ஆனால் ஆள் சறுக்கவில்லை. குனிந்தான், பிடித்தான், எழுந்தான். மறுபடி. ஒவ்வொரு தடவையும் ஒபேத் இன்னும் கொஞ்சம் மேலே. ஒவ்வொரு தடவையும் "முட்டிட்டேன்" என்ற குரல் இன்னும் கொஞ்சம் சன்னமாக. ரத்தம் பட்டையில் வழிந்து எல்மாரின் விரலுக்கு வந்துவிட்டது. உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"அண்ணே, மேல ஒரே பாசியா இருக்கு. இனிமே காலு நிக்காது. முட்ட முடியாது."

விளக்கைத் தாழ்த்திப் பார்த்தான். உண்மைதான். பிளவின் வாய்ப்பக்கம் கீழ்விளிம்பு முழுக்க வழுக்குப் பாசி. இன்னும் ஒரே ஒரு தூக்குத் தூரம். அந்தத் தூக்கின் உச்சியில் ஒபேத்தின் கை கல்லின் விளிம்புக்கு வரும். அதுவரை அவனைத் தாங்குவது இந்தப் பட்டை மட்டும்.

"விளிம்பு கைக்கு வந்தா ஏறிடுவியா?"

"கைக்கு வந்தா ஏறிடுவேன். நீ நின்னா போதும்."

"நிப்பேன்."

எழுந்தான். முதுகு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது, தொடை நடுங்கியது. இடுப்பு பூட்டியது, நின்றான். நிமிர்ந்து நின்றதால் நெற்றி விளக்கு வானத்தைப் பார்த்தது. கீழே என்ன நடக்கிறதென்று தெரியாது. பட்டை மட்டும் கையில் துடித்தது. ஒபேத் ஒரு பக்கம் எட்டுகிறான், எட்டவில்லை, ஊசலாடித் திரும்புகிறான். பட்டை வலது கையில் வழுக்க ஆரம்பித்தது. எல்மார் பாரத்தை இடது கைக்கு மாற்றினான்.

இடது கை முழங்கைக்கு மேலே ஏதோ கிழிந்தது. ஈரத்துணியைக் கிழிக்கிற சத்தம். அதை அவன் காதாலேயே கேட்டான். தசை சுருட்டிக்கொண்டு தோள்பக்கம் ஓடியது.

விடவில்லை. வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. மேடையில் என்றால் தூக்கு முடிந்ததென்று நடுவர் கையை இறக்கியிருப்பார், பாரத்தைப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். இங்கே நடுவர் யாரும் இல்லை. "ஏறு" என்று மனசுக்குள் சொன்னான். ஏறுடா. உனக்குத் தெரிஞ்சதைச் செய். ஏறு.

பட்டென்று பாரம் போனது.

எல்மார் பின்னால் சாய்ந்து விழுந்தான். விளக்கு கழன்று எங்கோ உருண்டு அணைந்தது. கையில் தளர்ந்த பட்டை. அதன் மறுமுனையில் கனமே இல்லை.

"ஒபேத்!"

பதில் இல்லை.

"ஒபேத்! டேய்!"

கல்லிடுக்கில் காற்று மட்டும். எல்மார் இருட்டில் தவழ்ந்து பிளவின் ஓரத்துக்கு வந்தான். இடது கை தொங்கியது, வலது கையால் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தலையை உள்ளே விட்டான். "விட்டுட்டேன்... என் கை விட்டுடுச்சுடா... தம்பி, ஒரு வார்த்தை பேசுடா..." தலைக்குப் பின்னால் தோளையும் திணித்தான். நெஞ்சு மாட்டிக்கொண்டது. தள்ளினான். கல் சதையைச் சீவியது, இன்னும் தள்ளினான். "இருடா, வர்றேன். நான் சொன்னதெல்லாம் பொய்டா. பொய். உன்னைவிட எனக்கு யாருடா இருக்கா..."

"அண்ணே."

குரல் கீழேயிருந்து வரவில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது, மூச்சு வாங்கிக்கொண்டு.

எல்மார் அசையவில்லை.

"அண்ணே, மேல இருக்கேன். கல்லு மேல படுத்திருக்கேன். மூச்சு வரல, அதான் பேச முடியல." பிளவுக்குக் குறுக்கே ஒரு கை வந்து அவன் பனியனின் பிடரியைத் துழாவிப் பிடித்தது. ஈரமான கை. "நீ விடல. கேக்குதா? நான் விளிம்பைப் புடிச்சு ஏறிட்டேன், அதான் பாரம் போச்சு. நீ விடவே இல்ல."

எல்மார் தலைகீழாக, பிளவில் மாட்டிக்கொண்டபடியே அழ ஆரம்பித்தான். சின்னப் பிள்ளை அழுவதுபோல அழுதான். ஒபேத் பிடரியைப் பிடித்திருந்த கையைத் தளர்த்தவில்லை.